அண்ணன் தம்பிகளுக்கு நடுவே விதிமுறை: டர்பனில் ஒரு ரெஃபரல் குழு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறுதொழில் செய்பவர்கள் வாரம் ஒரு நாள் காலையில் கூடி, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் குழுக்கள் பல உண்டு. அப்படி ஒன்றில் சில வருடங்களாக இருக்கிறேன். அதில் பாதிக் காலம், யாரைச் சேர்ப்பது, யாருக்கு எச்சரிக்கை கொடுப்பது, யாரை வழியனுப்புவது என்று முடிவு செய்யும் கமிட்டியிலும் இருந்துவருகிறேன். ஊரில் இருக்கும் நண்பர்கள் சிலர் தாங்களும் ஒரு குழு தொடங்கப்போவதாகச் சொல்லி, "உங்கள் விதிமுறைத் தாளை அனுப்பிவை" என்று கேட்கிறார்கள். தாளை அனுப்புவது பெரிய விஷயமில்லை. ஆனால் எந்த விதி எந்தச் சண்டையில் பிறந்தது என்று தெரியாவிட்டால், முதல் சண்டையிலேயே தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

இதில் எதுவும் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று சேர்ப்பது 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கிய காலத்திலேயே இருந்த வழக்கம். ரெஃபரலையே முழுநேர நோக்கமாக வைத்து 1985-இல் கலிஃபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. வாராந்தரக் கூட்டம், ஒரு தொழிலுக்கு ஓர் இருக்கை, ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் வராமலிருக்கக் கூடாது, வர முடியாவிட்டால் பதிலாள் அனுப்பு: இந்தச் சட்டகம் அங்கிருந்து வந்ததுதான். நாங்கள் அதன் கிளை இல்லை. சட்டகத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை எங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டோம்.

எங்கள் ஊர் என்பது கொஞ்சம் தனி ரகம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளோடு இங்கே வந்து சேர்ந்தது. அந்த வழியில் வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைதான் இன்று சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கும் கவுண்டர்களும் (எழுதுவது கோவெண்டர் என்று) நாயுடுகளும் பிள்ளைகளும். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச்சு போய்விட்டது. தேவாரமும் கோவில் பாட்டும் நிற்கிறது. என்னைப் போல் பின்னால் வந்தவர்கள் ஒரு கைப்பிடி. எனவே கூட்டம் நடப்பது ஆங்கிலத்தில். ஆனால் கூப்பிடுவது மட்டும் அண்ணா, அக்கா, அங்கிள், ஆன்ட்டி. இவர் அவருக்கு மாமா. அவரும் இவரும் ஒரே கோவில் கமிட்டி. இவருடைய தங்கையை அவர் வீட்டில் கொடுத்திருக்கிறது. குழுவில் குஜராத்தி முஸ்லிம்களும் ஜூலு நண்பர்களும் உண்டு. என்றாலும் பெரும்பான்மை இப்படித்தான்.

இங்கேதான் விஷயம். "அங்கிள், போன வாரம் நீங்கள் செய்த வேலை சரியில்லை" என்று அப்பா வயதுள்ளவரிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? முகதாட்சண்யத்துக்காகவே எத்தனை மோசமான டைல்ஸ் வேலைக்கு நாம் காசு கொடுத்திருக்கிறோம்! தெரியாதவர்கள் சேர்ந்த குழுவில் விதி கண்டிப்புக்காக இருக்கிறது. சொந்தக்காரர்கள் சேர்ந்த குழுவில் அது உறவைக் காப்பாற்ற இருக்கிறது. நான் சொல்லவில்லை, தாளில் அப்படி இருக்கிறது என்று சொல்ல முடிந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் அதே மனிதரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம்.

முதலில் ரெஃபரல் சீட்டு. நான் அச்சுத் தொழில்காரன், சிவகாசிப் பக்கம். கடைப் பலகை, ஸ்டிக்கர், பில் புத்தகம் எல்லாம் போடுகிறேன். எங்கள் சீட்டுப் புத்தகமும் என் கடையில் அடித்ததுதான். கையடக்கம், கார்பன் தேவையில்லாத தாள், மேலே வெள்ளை, அடியில் மஞ்சள். வெள்ளை வேலை பெறுபவருக்கு, மஞ்சள் செயலாளருக்கு. பழைய சீட்டில் பெயர், போன் நம்பர், என்ன வேலை என்ற மூன்று கோடுகள்தான் இருந்தன. இப்போது நான்காவதாக ஒரு கட்டம் இருக்கிறது: "இவர் உங்கள் அழைப்பை எதிர்பார்க்கிறாரா?" ஆம் என்று டிக் அடிக்காத சீட்டைச் செயலாளர் வாங்க மாட்டார்.

இந்த ஒரு கட்டம் குழுவின் தரத்தையே மாற்றியது. அதற்கு முன்பு ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், போனில் இருக்கும் ஏதோ ஒரு நம்பரை எழுதி, "இவர் வீடு கட்டுகிறார், கூப்பிட்டுப் பாரு" என்று நீட்டுவார்கள். கூப்பிட்டால் எதிர்முனையில், "யார் நீ, என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது?" அது ரெஃபரல் இல்லை, வெறும் நம்பர். சட்டப்படியும் தொல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே எல்லோரும் போப்பியா என்பார்கள், 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஒருவர் சம்மதம் இல்லாமல் அவருடைய நம்பரை விற்பனைக்காகக் கைமாற்றினால் புகார் போகலாம். ஆகவே வழி எளிது: முதலில் வாடிக்கையாளரிடம், "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா?" என்று கேள். சரி என்றால் சீட்டு எழுது. இல்லையென்றால் விட்டுவிடு. வாட்ஸாப்பில் ஒரு காண்டாக்ட்டைத் தட்டிவிட்டு "ரெஃபரல் கொடுத்தேன்" என்று கணக்கு காட்டுவதும் இதனால் நின்றது.

சீட்டு வாங்கியவருக்கு ஒரு கடமை: இரண்டு வேலை நாளுக்குள் கூப்பிட வேண்டும். வேலையை எடுக்கிறாயோ இல்லையோ, கூப்பிட வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பங்கு மோசமான வேலை பற்றியதல்ல. கூப்பிடவே இல்லை என்பதுதான்.

ஒன்று எனக்கே நடந்தது. கோவில் கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர் வீட்டில் கீசர் வெடித்துவிட்டது. இங்கே கீசர் பெரும்பாலும் கூரைக்குள் இருக்கும், வெடித்தால் சீலிங்கே இறங்கிவிடும். எங்கள் பிளம்பரைப் பற்றி நானே அவரிடம் பெருமையாகச் சொல்லி, சம்மதம் வாங்கி, போனிலும் சொல்லி, சீட்டும் எழுதினேன். பிளம்பர் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் பெரியவர் வேறு ஆளை வைத்து வேலையை முடித்துவிட்டார். என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். கோவிலில் பார்த்தபோது, "பரவாயில்லை தம்பி, உன் ஆளுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது" என்றார். உன் ஆள். பிளம்பர் பெயர் அவருக்கு ஞாபகம்கூட இல்லை. அவர் மனதில் கூப்பிடாமல் போனவன் நான்தான்.

குழுவில் இதற்கு வழிமுறை இருந்ததால் பிழைத்தேன். புகாரைக் கூட்டத்தில் எழுப்பக் கூடாது. வாட்ஸாப்பில் போடவே கூடாது. கமிட்டிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்தவர் கமிட்டியில் இருந்தால் அந்த விஷயத்தில் அவர் விலகிக்கொள்ள வேண்டும், நான் விலகிக்கொண்டேன். மற்றவர்கள் பிளம்பரோடு தனியாக உட்கார்ந்து பேசினார்கள். அவர் பக்கமும் ஒரு காரணம் இருந்தது: உதவிக்கு இருந்த பையன் வேலையை விட்டுப் போயிருந்தான், மனிதர் தனி ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். சரி, அப்படியானால் "இந்த மாதம் எனக்கு ரெஃபரல் வேண்டாம்" என்று சொல்லலாமே? சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இப்போது அதுவும் விதி. வேலை மிஞ்சினால் கையைத் தூக்கி "இடைநிறுத்தம்" என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் வரும் வேலையை மற்றவர்கள் வெளியாளிடம் அனுப்பலாம், அதற்கு அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிளம்பருக்கு ஓர் எழுத்து எச்சரிக்கை போனது. அவரே பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்.

வருகைப் பதிவு பற்றிக் கேட்காத ஆளில்லை. ஆறரை மணிக்கு வருவது இங்கே பெரிய கஷ்டமில்லை, டர்பன் சீக்கிரம் விழிக்கிற ஊர். கஷ்டம் துக்க வீடுதான். இந்தச் சமூகத்தில் உறவு வட்டம் அத்தனை பெரியது. ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் யாருக்காவது ஓர் இழவு, இல்லையென்றால் ஒரு பதினாறாம் நாள். துக்கத்துக்குப் போனவரிடம் "ஏன் வரவில்லை" என்று எவனாவது கேட்பானா? கேட்காமல் விட்டோம், வருகை பாதியானது. பத்துப் பேர் வராத காலையில், வந்திருக்கும் பத்துப் பேரும் அடுத்த வாரம் வருவதில்லை. கடைசியில் இப்படி எழுதினோம்: சொந்த வீட்டில் துக்கம் என்றால் கணக்கே கிடையாது, ஒரு மாதம் வராவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். உறவுக்காரர் வீட்டுத் துக்கம், கல்யாணம், தைப்பூசக் காவடி, இஸிபிங்கோ மாரியம்மன் கோவிலில் குட் ஃபிரைடே திருவிழா இவற்றுக்கெல்லாம் பதிலாள் அனுப்பலாம். மனைவி, மகன், கடையில் வேலை செய்யும் பெண், யாராக இருந்தாலும் சரி. உங்கள் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேசத் தெரிந்திருந்தால் போதும். பதிலாள் வந்தால் வருகை உண்டு.

இதில் எதிர்பாராத ஒரு லாபம். ஒரு தையல்கார அண்ணனுக்குப் பதிலாக அவர் மனைவி வந்து பேசினார். அண்ணன் வழக்கமாக "சூட், சட்டை, ஆல்டரேஷன் எல்லாம் செய்வோம்" என்பார். அக்கா எழுந்து, "அடுத்த மாதம் மெட்ரிக் டான்ஸ் வருகிறது, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் கவுன் தைக்கக் கொடுக்காதவர்கள் யார்?" என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரிவு விருந்து அது, இங்கே கல்யாணத்துக்குச் சமமான செலவு. அன்றைக்கு நாலைந்து கை உயர்ந்தது. அதற்குப் பிறகு அண்ணன் வருவது குறைந்துவிட்டது, அக்காதான் வருகிறார்.

ஒரு நிமிடப் பேச்சின் ரகசியம் அவ்வளவுதான். "எல்லாம் செய்வோம்" என்றால் கேட்பவர் மனதில் ஒரு முகமும் வராது. நான் பேசும்போது, "வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு இன்னும் பலகை மாட்டாத கடைக்காரர் யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேட்கிறேன். ஜன்னலில் பழைய பேப்பர் ஒட்டிய கடையைக் காரில் போகும்போது பார்க்கிறவர்களுக்கு என் ஞாபகம் வருகிறது. பலகைக்கு நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பாதிப் பேருக்கு அது தெரியாது.

அதே சமயம், கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு என்பதை நாங்கள் கற்றது வேறு விதத்தில். எங்கள் இன்ஷூரன்ஸ் அக்கா வாரா வாரம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: கலவரத்தில் கடை எரிந்தால் சாதாரண இன்ஷூரன்ஸ் தராது, சஸ்ரியா என்ற தனி காப்பீடு உங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சஸ்ரியா அரசு நிறுவனம். நிறவெறி ஆட்சிக்கு எதிரான 1976 சொவேட்டோ எழுச்சிக்குப் பின் 1979-இல் இதற்காகவே உண்டானது. எங்களில் பலர் அந்த ஒரு நிமிடத்தில் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தோம். 2021 ஜூலையில் எங்கள் மாகாணமான குவாசுலு-நேட்டால் முழுக்கக் கடைகள் சூறையாடப்பட்டன. அக்கா பேச்சைக் கேட்டுப் பாலிசியை எடுத்துப் பார்த்திருந்தவர்கள் மறுபடி கடை திறந்தார்கள். ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் திறக்கவில்லை. அதன்பின் ஒரு பழக்கம் வந்தது: ஒருவர் பேசி முடித்ததும், செயலாளர் யாரையாவது சுட்டி, "இப்போது அவர் என்ன கேட்டார்?" என்பார். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று சிலருக்கு எரிச்சல். இருக்கட்டும்.

ஒரு தொழிலுக்கு ஓர் இருக்கை என்பது கேட்க எளிது. நடைமுறையில் அதுதான் பெரிய தலைவலி. 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று போனில் பார்த்துத்தான் சமையலே. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், பேட்டரி, கூரையில் சோலார். எங்கள் குழுவில் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். அந்த நேரத்தில் சோலார்க்காரர் ஒருவர் விண்ணப்பித்தார். "சோலாரும் கரண்ட் வேலைதானே, அது என் இருக்கை" என்றார் எலக்ட்ரீஷியன். "அண்ணா, நீங்கள் இதுவரை எத்தனை பேனல் மாட்டியிருக்கிறீர்கள்?" என்று யாரோ கேட்க, நிலைமை சூடாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே ஊர்க் கோவிலில் தீ மிதிப்பவர்கள் வேறு.

தீர்த்தது எப்படி என்றால், தொழில் பெயரை வைத்து இருக்கை கொடுப்பதை நிறுத்தினோம். விண்ணப்பத்தில் "நான் செய்வது இது, செய்யாதது இது" என்று இரண்டு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடந்த வருடம் உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி எதிலிருந்து வந்ததோ, அதுதான் உங்கள் இருக்கை. எலக்ட்ரீஷியனுக்கு வீட்டு வயரிங், பழுது, சான்றிதழ். சோலார்க்காரருக்குப் பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி. எல்லைக்கோட்டில் வருகிற வேலையை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கட்டும் என்று இரண்டு பெயரையும் கொடுக்கலாம். இன்றைக்கு இருவரும் சேர்ந்தே வேலை எடுக்கிறார்கள். விதியை எழுதிவைக்காமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தால் இருவரில் ஒருவரை இழந்திருப்போம்.

புதிதாகச் சேருகிறவரிடம் காகிதம் கேட்பதில் வெட்கமே படக் கூடாது. எலக்ட்ரீஷியன் என்றால் தொழிலாளர் துறையில் பதிவான சான்று. வீடு விற்கும் ஏஜென்ட் என்றால் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ், அதாவது வாடிக்கையாளர் பணத்துக்குப் பாதுகாப்பாக இருக்கும் நிதியின் சான்று. 2022 பிப்ரவரி 1-இல் அமலுக்கு வந்த சொத்துத் தரகர் சட்டப்படி அது இல்லாதவர் கமிஷனே வாங்க முடியாது. முதலீட்டு ஆலோசகர் என்றால் உரிம எண். நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். "என்னைத் தெரியாதா உங்களுக்கு? என் அப்பாவைத் தெரியாதா?" என்று வருத்தப்படுவார்கள். அப்பாவைத் தெரியும், அங்கிள். விதி எல்லோருக்கும் ஒன்று. இந்த வாக்கியத்தைப் புன்னகையோடு சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பவர் விருந்தினராக இரண்டு முறை வரலாம்; மூன்றாம் முறை காலைச் சாப்பாட்டுக்கு வர வேண்டுமென்றால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

எந்தெந்தத் தொழில்களைத் தேடிச் சேர்ப்பது? ஒரு வீடு விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வீட்டைக் காட்டுகிறார். பத்திரம் மாற்றும் வக்கீலை விற்பவர் தேர்ந்தெடுப்பது இங்கே வழக்கம். மின் இணைப்புக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், கைமாறும்போது அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கேஸ் அடுப்பு இருந்தால் அதற்கொன்று. மின்வேலி இருந்தால் அதற்கொன்று. கடலோர மாகாணம் என்பதால் கூரை மரத்தில் வண்டு இல்லை என்று பீட்டில் சான்றிதழ் கேட்பதும் ஒப்பந்தத்தில் வழக்கமாக வரும். அப்புறம் லாரி, பெயின்ட், திரைச்சீலை, வீட்டு இன்ஷூரன்ஸ். ஒரே வீட்டிலிருந்து ஏழெட்டு சீட்டு. இப்படி ஒரே வாடிக்கையாளரை வெவ்வேறு நேரத்தில் சந்திக்கிற தொழில்கள் நாலைந்து கூட்டு இருந்தால் குழு தானாக ஓடும். கேக் செய்பவர், மேடை அலங்காரம், போட்டோக்காரர், நாதஸ்வரத்துக்கு ஆள் பிடித்துத் தருபவர் என்று கல்யாணக் கூட்டு ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. ஒற்றையாக நிற்கும் தொழில்காரர், உதாரணமாக எங்களிடம் இருந்த படகு எஞ்சின் மெக்கானிக், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு வருடத்தில் சோர்ந்துவிடுவார். சேர்க்கும்போதே இதை அவரிடம் சொல்லிவிடுவது நியாயம்.

பணம் பற்றி ஒரே விதி: ரெஃபரலுக்கு உறுப்பினர்களுக்குள் கமிஷன் கிடையாது. சிலர் "பத்து சதவீதம் கொடுத்தால் தப்பா?" என்பார்கள். கொடுக்க ஆரம்பித்தால், நல்ல ஆளிடம் அனுப்பாமல் அதிகம் கொடுக்கிற ஆளிடம் அனுப்புவோம். வாடிக்கையாளர் அதை ஒருநாள் கண்டுபிடிப்பார். மேலும் வக்கீல் தன் கட்டணத்தை வக்கீல் அல்லாதவரோடு பங்கிட முடியாது, டாக்டர்களும் நோயாளியை அனுப்பியதற்குக் காசு கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று அவர்களுடைய தொழில் நெறியே சொல்கிறது. ஒரு மேஜையில் சிலருக்குக் கமிஷன் உண்டு, சிலருக்கு இல்லை என்றால் விளங்காது. எல்லோருக்கும் இல்லை என்பது சுலபம்.

அப்படியானால் என்ன கிடைக்கிறது? மொய் மாதிரிதான். யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் இருக்கும். ஆனால் ஓர் இடத்தில் மொய்க்கணக்கு இங்கே பொருந்தாது, புதியவர்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான். "நான் வக்கீலுக்கு ஐந்து பேரை அனுப்பினேன், அவர் எனக்கு ஒருவரைக்கூட அனுப்பவில்லை" என்று புகார் வரும். வக்கீலிடம் வருகிறவர் விவாகரத்துக்கு வந்திருப்பார், அவரிடம் போய் "கடைக்குப் பலகை வேண்டுமா?" என்று கேட்க முடியுமா? வக்கீல் ஏஜென்ட்டுக்குக் கொடுப்பார், ஏஜென்ட் பெயின்டருக்கு, பெயின்டர் எனக்கு. யாருக்குக் கொடுத்தோமோ அவரிடமிருந்தே திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர் ஆறு மாதம் தாங்க மாட்டார்.

வாரத்துக்கு ஒரு ரெஃபரல் கட்டாயம் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். என்ன ஆனது தெரியுமா? ஆளாளுக்கு மாமியார் வீட்டு ஒழுகும் குழாயை எழுதி நீட்டினார்கள். எண்ணிக்கை ஏறியது, வேலை ஏறவில்லை. கட்டாயத்தை எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் கணக்கையும் கமிட்டி பார்க்கிறது. கொடுத்தது குறைவாக இருந்தால் முதலில் எச்சரிக்கை இல்லை. ஒரு பழைய உறுப்பினர் அவர் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் தொழிலைப் புரிந்துகொள்வார். பெரும்பாலும் அவருக்குக் கொடுக்க மனமில்லாமல் இருக்காது, மற்றவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று தெரியாமல் இருக்கும். ரெஃபரலால் வந்த வருமானத்தைச் சத்தமாக அறிவிப்பதையும் விட்டுவிட்டோம். நம் ஆட்கள் பணத்தொகையை நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவார்கள், கண்ணேறு பயம் வேறு. மடித்த சீட்டில் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்தால் மொத்தத்தை மட்டும் அவர் சொல்வார். பதினைந்து சதவீத வாட் வரியைக் கழித்துவிட்டு எழுதுங்கள் என்று வருடா வருடம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சில்லறை விதிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப்பில் குட்மார்னிங் பூ, அரசியல், யூடியூப் வைத்தியம் எதுவும் கூடாது. கூட்டத்தில் கட்சியும் மதமும் பேசுவதில்லை. சாப்பாடு ஹலால், மாட்டிறைச்சி இல்லை, எப்போதும் ஒரு சைவ வகை. புரட்டாசி மாதத்தில் பாதி மேஜை சைவத்துக்கு மாறிவிடும் என்பதால் அந்த மாதம் முழுக்க சைவம்தான், முஸ்லிம் நண்பர்களே அதை முன்மொழிந்தார்கள். கூட்டத்தில் கேட்ட வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக் கூடாது. உறுப்பினருக்குள் சலுகை விலை எதிர்பார்க்கக் கூடாது. கொடுப்பவர் இஷ்டப்பட்டுக் கொடுத்தால் சரி, "நாம் ஒரே குழுதானே" என்று கேட்பது தடை.

இப்போது கமிட்டியில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்திலிருந்து இருக்கும் ஒரு அங்கிள், பூட்டு, சாவி, கேட் மோட்டார் தொழில், ஓய்வு பெறுகிறார். "என் இருக்கையை மகனுக்கு எழுதிக்கொடுங்கள்" என்கிறார். மகன் நல்ல பையன், பதிலாளாகப் பலமுறை வந்திருக்கிறான். பாதிப் பேர், "இதற்கு என்ன விண்ணப்பம், அங்கிள் முகத்துக்காகக் கொடுத்துவிடலாம்" என்கிறார்கள். என் வாதம்: இருக்கை சொத்து இல்லை. இன்றைக்கு இவனுக்குக் கொடுத்தால், நாளைக்கு வேலை தெரியாத ஒரு மகன் வரும்போது மறுக்க முடியாது. அங்கிளுக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் பையனே ஃபாரம் வாங்கிப்போய், இரண்டு வாடிக்கையாளர் கடிதத்தோடு பூர்த்தி செய்து கொண்டுவந்து கொடுத்தான். "செய்யாதது" என்ற பத்தியில், அப்பா இத்தனை வருடம் செய்துவந்த அலாரம் வேலையைத் தான் எடுக்கப்போவதில்லை, அதற்குத் தனி ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறான். அடுத்த வாரம் கமிட்டி பார்க்கிறது. அலாரம் இருக்கைக்கு இரண்டு பேர் இப்போதே கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் எனக்கு மைத்துனர் முறை, அதனால் அந்த ஓட்டெடுப்பில் நான் இல்லை.